ஏழைக்கு ஏழையேதான் படியளக்க வேண்டுமா?
பாப்லர் கவுன்சிலின் போராட்டம்

(அரசியல் வகுப்பில் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் முன்பு நிகழ்த்திய பேச்சு)



லண்டன் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் அது இரண்டு நகரம். மேற்கே பணக்காரர்களின் லண்டன். கிழக்கே பாட்டாளிகளின் லண்டன். அந்த ஊரில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். தேம்ஸ் ஆறும் கிழக்கே ஓடிக் கடலில் கலக்கிறது. ஆகவே புகையும் கழிவும் கிழக்கே போயின. கப்பல் துறைகளும் கிழக்கேதான் எழுந்தன. அவற்றை நம்பி வந்த தொழிலாளிகளும் அங்கேயே குடியேறினார்கள்.

அந்தக் கிழக்குப் பகுதியில் ஒரு பேட்டைதான் பாப்லர். தெற்கே தேம்ஸ் ஆறு. கிழக்கே லீ என்ற சிற்றாறு. தேம்ஸ் வளைந்து திரும்பும் இடத்தில் நாக்குப் போல நீண்ட சதுப்பு நிலம் ஒன்று உண்டு. அதற்கு 'நாய்த் தீவு' என்று பெயர். அந்தச் சதுப்பைத் தோண்டி 1802-ல் மேற்கிந்தியத் துறையைத் திறந்தார்கள். அடிமைகள் விளைவித்த சர்க்கரை அங்கே வந்து இறங்கியது. 1806-ல் கிழக்கிந்தியத் துறை திறக்கப்பட்டது. நம் நாட்டைச் சுரண்டிய அதே கம்பெனியின் கப்பல்கள் அங்கேதான் சரக்கை இறக்கின. 1888-ல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வெற்றி பெற்ற 'போ' என்ற இடமும் பாப்லரைச் சேர்ந்ததே.

துறைமுகத் தொழிலாளிக்கு நிலையான வேலை கிடையாது. காலையில் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி யாரைக் கை காட்டுகிறானோ அவனுக்கு அன்று கூலி, மற்றவனுக்குப் பட்டினி. இது உங்களுக்குத் தெரியாத காட்சியா, தோழர்களே?

இனி நிர்வாகத்துக்கு வருவோம். அன்று லண்டன் 28 பேட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சில் உண்டு. செலவுக்குப் பணம் வீட்டு வரியிலிருந்து வரவேண்டும். கட்டடத்தின் வாடகை மதிப்பைக் கணக்கிட்டு, ஒரு பவுனுக்கு இத்தனை பென்னி என்று வரி போடுவார்கள்.

இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. பவுனுக்கு ஒரு பென்னி வரி போட்டால், மேற்கே வெஸ்ட்மின்ஸ்டர் பேட்டைக்கு 31,000 பவுனுக்கு மேல் கிடைத்தது. பாப்லருக்குக் கிடைத்தது 3,600 பவுன் சொச்சமே! ஆனால் வேலையற்றோருக்கு உதவும் செலவை அந்தந்தப் பகுதியே தாங்கவேண்டும் என்பது சட்டம். மேற்கே வேலையற்றோர் குறைவு, சொத்து அதிகம். கிழக்கே சொத்து இல்லை, வேலையற்றோர் ஏராளம். ஆகவே பணக்காரன் குறைந்த விகிதத்தில் வரி கட்டினான். ஏழை அதிக விகிதத்தில் கட்டினான். வரி ஏறினால் வீட்டுக்காரன் வாடகையையும் ஏற்றினான். பாப்லர் துறையில் மூட்டை தூக்கியவன் உழைப்பில் கொழுத்த கப்பல் முதலாளி மேற்கே மாளிகையில் இருந்தான். அந்தத் தொழிலாளி வேலையிழந்து பட்டினி கிடந்தால், சோறு போட வேண்டியது யார்? பக்கத்து வீட்டு ஏழை!

1919 நவம்பர் தேர்தலில் பாப்லர் கவுன்சிலின் 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். கவுன்சிலர்களில் பலர் உழைப்பாளிகள். கவுன்சில் ஊழியர்களுக்கு வாரம் 4 பவுன் குறைந்தபட்சக் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று நிர்ணயித்தார்கள்.

பிறகு வந்தது நெருக்கடி. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. கவுன்சில் வசூலிக்கும் வரியில் ஒரு பங்கை லண்டன் முழுவதற்குமான நான்கு ஸ்தாபனங்களுக்குச் செலுத்த வேண்டும். லண்டன் கவுண்டி கவுன்சில், போலீஸ், தண்ணீர் போர்டு, ஆஸ்பத்திரிகளை நடத்திய போர்டு ஆகியவையே அவை. அந்தப் பங்கையும் கட்டி, வேலையற்றோருக்கும் உதவ வேண்டுமானால் ஏழைகள் மீது வரியை மேலும் ஏற்ற வேண்டும். இல்லையேல் பட்டினி கிடப்பவனின் உதவியை வெட்ட வேண்டும். இரண்டும் முடியாது என்றார்கள் கவுன்சிலர்கள். 1921 மார்ச்சில், அந்த நான்கு ஸ்தாபனங்களுக்காக வரி வசூலிப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். பணக்காரப் பேட்டைகளும் வேலையற்றோர் செலவில் பங்கேற்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

வழக்கு வந்தது. 1921 ஜூலை 29-ம் தேதி, கவுன்சிலர்கள் பாண்டு வாத்தியத்துடன் பாப்லரிலிருந்து கோர்ட்டுக்கு ஊர்வலமாக நடந்தே போனார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் உடன் சென்றார்கள். 'கோர்ட்டுக்குப் போகிறோம், ஜெயிலுக்கும் போகக்கூடும்' என்ற அர்த்தத்தில் கொடி பிடித்துப் போனார்கள். கோர்ட்டு உத்தரவிட்டது, அவர்கள் பணியவில்லை. செப்டம்பரில் 30 கவுன்சிலர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களில் ஐவர் பெண்கள். நெல்லி கிரசல் அப்போது கர்ப்பிணி. லான்ஸ்பரியின் மகன் எட்கரும், மருமகள் மின்னியும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்கள்.

ஜெயிலுக்குள் என்ன நடந்தது? கவுன்சில் கூட்டமே நடந்தது! பெண் கவுன்சிலர்களை ஹாலோவே ஜெயிலிலிருந்து வண்டியில் பிரிக்ஸ்டன் ஜெயிலுக்கு அழைத்து வந்தார்கள். மாலையில் ஜெயிலுக்கு வெளியே ஜனங்கள் திரள்வார்கள்; கம்பிக்குப் பின்னால் நின்று லான்ஸ்பரி பேசுவார்.

தொழிற்கட்சியிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். லண்டன் தலைவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை மீறுவது கட்சிக்குக் கேடு என்றார். ஆனால் பக்கத்துப் பேட்டைகளான பெத்னல் கிரீனும் ஸ்டெப்னியும் 'நாங்களும் பாப்லர் வழியே' என்று தீர்மானித்தன. அதுதான் சர்க்காரை அசைத்தது. ஒரு கவுன்சிலைப் பூட்டலாம்; எத்தனை கவுன்சிலைப் பூட்டுவது? அக்டோபர் 12-ம் தேதி எல்லோரும் விடுதலையானார்கள். அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. வேலையற்றோர் உதவிச் செலவில் பெரும்பகுதி லண்டன் முழுவதற்குமான பொது நிதிக்கு மாற்றப்பட்டது. பணக்காரப் பேட்டைகள் பங்கு கொடுத்தே தீரவேண்டியதாயிற்று.

வெற்றி இலவசமாகக் கிடைக்கவில்லை. மின்னி லான்ஸ்பரி 1922 ஜனவரி முதல் தேதி, 32-ம் வயதில், நிமோனியாவுக்குப் பலியானார்.

ஆளும் வர்க்கமும் சும்மா இருக்கவில்லை. 1925-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள், 4 பவுன் கூலி சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். சோஷலிசத் தர்ம சிந்தனையால் கவுன்சிலர்கள் வழிதவறிவிட்டார்கள் என்றார் ஒரு பிரபு! ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் நியாயமான கூலி கொடுப்பது குற்றமாம்.

பின் கதையையும் கேளுங்கள். 1965-ல் பாப்லர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் சேர்க்கப்பட்டு டவர் ஹாம்லட்ஸ் என்ற பேட்டை உண்டாயிற்று. கிழக்கிந்தியத் துறை 1967-லும், மேற்கிந்தியத் துறை 1980-லும் மூடப்பட்டன. 1981-ல் தாட்சர் சர்க்கார் அந்த நிலத்துக்கு ஒரு நியமன கார்ப்பரேஷனை அமைத்தது. அங்கே எதைக் கட்டலாம் என்று அனுமதி கொடுக்கும் அதிகாரம் தேர்ந்தெடுத்த கவுன்சிலிடமிருந்து பறிக்கப்பட்டது. 1982-ல் நாய்த் தீவில் தொழில் தொடங்கும் முதலாளிகளுக்குப் பத்து வருஷம் வரி விலக்கு! ஏழையின் வரிச்சுமைக்காக முப்பது பேர் ஜெயிலுக்குப் போன அதே மண்ணில் இது நடந்தது. பழைய துறையில் பாங்கிகளின் வானளாவிய மாடங்கள் எழுந்தன. அவற்றின் நிழலில் இருக்கும் டவர் ஹாம்லட்ஸ், குழந்தைகளின் வறுமை மிக அதிகமான இங்கிலாந்துப் பகுதிகளில் ஒன்று.

தோழர்களே, இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? ஸ்தல ஸ்தாபனத்தின் எல்லைக்கோடு வெறும் பூகோளக் கோடு அல்ல. சொத்து எந்தப் பக்கம், பசி எந்தப் பக்கம் என்று பிரித்துவைக்கும் வர்க்கக் கோடு அது. கவுன்சிலில் நாற்காலி கிடைத்துவிட்டால் மட்டும் அதிகாரம் கிடைத்துவிடாது. பாப்லர் கவுன்சிலர்கள் ஜெயித்தது, தெருவில் ஜனங்கள் நின்றதாலும், பக்கத்துப் பேட்டைகள் கைகொடுத்ததாலும்தான். ஜனங்களின் ஐக்கியம் இருந்தபோது சட்டம் வளைந்து கொடுத்தது. அது தளர்ந்தபோது கொடுத்ததையும் பறித்துக்கொண்டார்கள்.

'பணமில்லை' என்று எந்த நிர்வாகம் சொன்னாலும், பணம் யாரிடம் இருக்கிறது, வரியை யார் கட்டுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பாப்லரின் தொழிலாளிகள் கேட்ட கேள்வி அதுவே.