வளர்ந்துகொண்டே இருப்போம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

"ஒழுக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்க டீச்சர்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். உங்களில் பெரும்பாலோர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். யாரையும் என் பக்கம் இழுக்க நான் பேச வரவில்லை. நான் அறிந்த வழியைக் கொண்டுதானே நான் பேச முடியும்? கேட்டுவிட்டு உங்கள் வழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலாக்கா பட்டணத்தில் செயின்ட் பால் குன்றின் மேல் ஏறாதவர்கள் நம்மில் குறைவு. அங்கே கூரையில்லாத பழைய தேவாலயம் ஒன்று. அதன் முன்னே வலக்கை இல்லாத ஒரு சிலை. பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள், "யாரு டீச்சர் இது? ஏன் கை இல்ல?" என்று கேட்பார்கள். கையைப் பற்றிக் கேட்பதோடு நின்றுவிடுகிறோம். அந்த மனிதரைப் பற்றிக் கேட்பதில்லை.

அவர்தான் பிரான்சிஸ் சேவியர். தமிழர் அன்போடு சவேரியார் என்று அழைக்கிறார்கள். இன்றைய ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த நவார் பகுதியில் 1506-ஆம் ஆண்டு பிறந்தவர். பாரீஸ் நகரத்தில் படித்து, அங்கேயே தத்துவம் போதித்த ஆசிரியர். பேரும் பதவியும் வேண்டும் என்ற ஆசை நிறைய உள்ளவர். உடன் தங்கியிருந்த இக்னேஷியஸ் என்ற நண்பர் சில ஆண்டுகள் பொறுமையாகப் பேசிய பிறகுதான் அவர் மனம் திரும்பியது. 1534 ஆகஸ்ட் 15-ஆம் நாள் நண்பர்களோடு சேர்ந்து இறைவனுக்கு வாக்குக் கொடுத்தார். அன்றோடு அவர் நிறைவடைந்துவிட்டார் என்று நாம் நினைப்போம். உண்மையில் அன்றுதான் அவர் முதலாம் வகுப்பில் சேர்ந்தார்!

1542-இல் கோவாவுக்கு வந்து, அங்கிருந்து தூத்துக்குடி, மணப்பாடு முதலிய முத்துக்குளித்துறை ஊர்களுக்குப் போனார். அப்போது வயது 36. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்து, செபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பாரீசில் பாடம் நடத்திய வாய், நம் மொழியைத் திக்கித் திக்கிப் பேசியது. 1545-இல் நம் மலாக்காவுக்கு வந்தபோது மலாய் மொழியிலும் அதே வேலை.

1549-இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே கடவுளைக் குறிக்க, உடன் வந்தவர் காட்டிய ஒரு சொல்லையே வழங்கினார். அது பௌத்தர்கள் வணங்கும் ஒருவரின் பெயர் என்று பிற்பாடு தெரிய வந்தது. இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொன்ன சொல்! "இருக்கட்டும், யாருக்குத் தெரியப் போகிறது" என்று அவர் விட்டுவிடவில்லை. தவறு என்று ஒப்புக்கொண்டு மாற்றினார். அப்போது வயது 45.

மறு ஆண்டு, 1552-இல், சீனா போகும் எண்ணத்தோடு மீண்டும் மலாக்கா வந்தார். இங்கிருந்த போர்த்துகீசியத் தளபதி தூதுப் பயணத்தைத் தடுத்துவிட்டார். இருவருக்கும் பெரிய மோதல். அந்தத் தளபதியைத் திருச்சபையிலிருந்து விலக்கும் அளவுக்குச் சவேரியார் போனார். இதை நான் மறைக்கவில்லை. புனிதர் என்று உலகம் போற்றுகிறவருக்கும் நம்மூரிலேயே மனம் கொதித்திருக்கிறது. ஆனாலும் எடுத்த காரியத்தை விடவில்லை. தூதர் பரிவாரம் ஏதுமின்றிக் கப்பலேறி, 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையோரத் தீவொன்றில் காய்ச்சலில் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தது அந்தக் குன்றின் மேல்தான். பின்னர் கோவாவுக்குக் கொண்டு போனார்கள்.

இந்தக் கதை என்னை ஏன் தொட்டது என்று சொல்கிறேன்.

பயிற்சிச் சான்றிதழோடு முதன்முதலாக வகுப்பில் நின்றபோது எனக்கு வயது 24. அது வேறொரு பள்ளி. ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன் தினமும் தாமதமாக வருவான். நான் காரணம் கேட்கவில்லை. ஒரு வாரம் முழுவதும் அவனை வகுப்புக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தேன். ஒழுக்கம் கற்றுக் கொடுக்கிறேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு!

அவன் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாள் வந்தார். "டீச்சர், அவங்கம்மாவுக்குப் பத்து பெரெண்டாம் பக்கம் பேக்டரியில ராத்திரி வேல. வேன் வந்து எறக்கி விடுற வரைக்கும் கைக்கொழந்தய இவன்தான் பாத்துக்கிறான்" என்றார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு இரண்டு ஞாயிறு பூசைக்குப் போனேன். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கைகூப்பிச் சமாதானம் சொன்னேன். அந்தப் பையனுக்குச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. டீச்சர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம். பதினோராம் நாள்தான் வகுப்பின் முன்னே, "தம்பி, நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிரு" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல டீச்சர். நாளைக்கும் லேட்டாத்தான் வருவேன்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து வாசலோரத்து நாற்காலி அவனுக்கு என்று ஆயிற்று.

வீட்டில் இதைச் சொன்னபோது, பால்மரம் வெட்டியே எங்களைப் படிக்க வைத்த அப்பா சொன்னார்: "பட்டையை மெலிசாச் சீவணும்மா. ஆழமா வெட்டிட்டா பட்டை மூடிக்கும். ஆனா அந்த எடம் முண்டும் முடிச்சுமாப் போயிரும். அப்பறம் அதுல வெட்ட முடியாது." கன்று நட்டு, வெட்டுக்கு வர ஆறு வருஷமாவது காத்திருக்கும் தொழிலாளிக்கு இது தெரிந்திருக்கிறது. சான்றிதழ் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

அன்பர்களே! ஞானஸ்நானம் வாங்குவதும் சான்றிதழ் வாங்குவதும் கன்று நடும் நாள்; வெட்டுக்கு வந்த நாள் அல்ல. இயேசு பெருமானே வயதில் வளர்ந்ததுபோல் ஞானத்திலும் வளர்ந்தார் என்று லூக்காவின் நற்செய்தி கூறுகிறது. அவரே வளர வேண்டியிருந்தது என்றால் நாம் எம்மாத்திரம்?

இக்னேஷியஸ் தம் தோழர்களுக்கு ஒரு பழக்கத்தை வற்புறுத்தினார்: நாள்தோறும் சற்று அமைதியாக இருந்து, அன்று நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது. நானும் இரவில் விளக்கணைக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இன்று எதற்கு நன்றி சொல்ல வேண்டும்? யாரைப் புண்படுத்தினேன்? நாளை யாரிடம் போய்ப் பேச வேண்டும்? மூன்றாவது கேள்விதான் கடினம். முப்பது வயதைத் தாண்டியும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் பதினொரு நாள் ஆவதில்லை, மறுநாளே போய்விடுகிறேன். அவ்வளவுதான் என் வளர்ச்சி. இன்னும் குறைய வேண்டும்.

பரிசு வாங்கிய பிள்ளைகளே, வாழ்த்துகள்! வாங்காத பிள்ளைகளே, தலை குனிய வேண்டாம். மேடையில் கொடுக்க முடியாத பரிசுகளும் உண்டு. பெற்றோர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் எண்களைக் கேட்கும் முன், உங்கள் பிள்ளையிடம் நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவரையும் வளரச் செய்வாராக.