தாலாட்டும் ஒப்பாரியும் நமது சரித்திரம்

(சங்கத்தின் அந்தமான் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



ரயிலே இல்லாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். தலைகளை எண்ணிக் கணக்கெழுதுவது எங்கள் பிழைப்பு. அந்தக் கணக்கில் எது விடுபட்டுப் போகும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவரைத் தலைக்கணக்காகவே பார்த்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்றது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கண்டவர்கள் நாம். நம்மில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தன. கொழுந்துக் கூடை போய், பால்வெட்டுக் கத்தி வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி அந்தத் தீவையும் வாரிக்கொண்டது. ஆட்களோடு காகிதங்களும் போயின.

காகிதத்தில் இல்லாதது நம் கிழவிகளின் வாயில் இருக்கிறது. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஓடியதை, பிள்ளைக் காம்பராவில் பச்சைக் குழந்தையை விட்டுப் போனதை, கங்காணியின் வசவை அவர்கள் பாட்டாக்கி வைத்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தொகுத்தார். மீனாட்சியம்மாள் நடேசய்யர் தாமே பாட்டெழுதித் தோட்ட மக்களிடையே பாடினார். 1940இல் அவை புத்தகமாயின.

அயர்லாந்தும் இங்கிலாந்துக்காரன் ஆண்ட தீவுதான். 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவு மக்கள் கப்பலேறினர். அங்கும் பெண்கள் பாடும் ஒப்பாரி உண்டு. 1773இல் கணவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது எய்லின் ஓ'கானல் பாடிய ஒப்பாரி, வாய்வழியாகவே நின்று பிறகு ஏட்டில் ஏறியது. இன்று அந்நாடு அதைத் தன் பெருங்கவிதைகளில் ஒன்றாகப் போற்றுகிறது.

1937இல் அங்கே ஒரு வேலை நடந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். பஞ்சக் கதைகளும் அதில் ஏறின. சரித்திரத்தை எழுதியவர்கள் சிறுபிள்ளைகள்!

எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் பாட்டி பாடும்போது, "பட்டிக்காட்டுப் பாட்டு" என்று ரேடியோவைத் திருகினோம். இன்று எங்கள் வீட்டில் இரண்டடிக்கு மேல் ஒருவருக்கும் நினைவில்லை.

அயர்லாந்தில் அரசு செய்தது. இங்கே நாம்தான் செய்தாக வேண்டும். வீட்டுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். பள்ளி போகும் பிள்ளை கேட்டு எழுதட்டும். பேச்சைத் திருத்த வேண்டாம். பாட்டி சொன்னபடியே எழுதட்டும். பாடியவர் பெயரையும் பிறந்த தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் போடுங்கள். துரையின் பெயரும் கங்காணியின் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. நம் தாயின் பெயர்தான் இன்னும் ஏறவில்லை.