சட்டைப் பையில் கணபதி



2022 அக்டோபர் 5. டெல்லியில் ஆயிரக்கணக்கானோர் பௌத்தம் ஏற்று, அண்ணல் அம்பேத்கரின் 22 உறுதிமொழிகளைச் சொன்னார்கள். கௌரியையும் கணபதியையும் வணங்கமாட்டேன் என்பது அவற்றில் ஒன்று. மேடையில் இருந்த ஆம் ஆத்மி அமைச்சர் ராஜேந்திர பால் கௌதம் மீது பாஜக பாய்ந்தது. நான்கே நாளில் அவர் பதவி விலக நேர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி முதல்வர் கெஜ்ரிவால் பிரதமரைக் கேட்கிறார்: ரூபாய் நோட்டில் லட்சுமி, விநாயகர் படம் போடுங்கள், பொருளாதாரம் தேறும். டெல்லி அரசு அலுவலகங்களில் அம்பேத்கர் படத்தை மாட்டச் சொன்னவரும் இவர்தான்!

இந்தோனேசியாவை உதாரணம் காட்டினார். விநாயகர் இருந்த அந்த நோட்டை அவர்கள் 2008லேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள், அது வேறு கதை. ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923லேயே நூல் எழுதியவர் அம்பேத்கர். அவர் பேசியது தங்கத்தைப் பற்றி, லட்சுமியைப் பற்றி அல்ல.

கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடலாம். நோட்டை வாங்காமல் இருக்க முடியுமா? கூலி அதில்தானே வருகிறது? அன்று டெல்லியில் உறுதிமொழி சொன்ன ஒரு துப்புரவுத் தொழிலாளி, தான் மறுத்த கணபதியைத் தினமும் சட்டைப் பையில் சுமந்தாக வேண்டும். கருவறைக்குள் அவரை விடாத சாமி, அவர் பைக்குள் மட்டும் கேட்காமலே வந்து உட்காரும்.