ஒரு சீருடையிலிருந்து இன்னொன்றுக்கு

குளத்தூர், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குப் பட்டாளம் புதிய சங்கதி அல்ல. ஆனால் பட்டாளத்துக்குப் போகிற வழி இங்கே கொஞ்சம் விசித்திரமானது. குளத்தூர்ப் பையன் ராணுவத்தில் சேர வேண்டுமென்றால் அவனுக்குரிய ஆள்சேர்ப்பு அலுவலகம் திருவனந்தபுரத்தில். பொழியூர் தாண்டினால் நீரோடி, அது தமிழ்நாடு. அங்கே இருக்கிற மாமன் மகனுக்கோ ஆள்சேர்ப்பு அலுவலகம் திருச்சிராப்பள்ளியில். இரண்டு பேரும் தேறினால், நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ஒரே வரிசையில் நிற்கவும் கூடும்.

பதினெட்டு வயதில் இந்தப் பையன்கள் படையைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. எந்த அழைப்பு முதலில் வருகிறதோ அதில் போய் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், சேர்ந்துவிடுகிறார்கள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் ராஜஸ்தான் மணலில் பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்கிறான். இரண்டு வருடம் கழித்துக் கடற்படை அறிவிப்பு ஒன்றைப் பார்க்கிறான். அப்போது வீட்டுக்குப் போன் போட்டு ஒரு கேள்வி கேட்பான்: நான் இங்கிருந்து நேவிக்கு மாறிக்கொள்ள முடியுமா?

அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

நேரடியான பதில், முடியாது. நெய்யாற்றின்கரை டிப்போவில் இருக்கிற கண்டக்டர் பாறசாலை டிப்போவுக்கு மாற்றம் கேட்பது போன்ற காரியம் அல்ல இது. காரணம், நம் மூன்று படைகளும் மூன்று தனிச் சட்டங்களின் கீழ் நடக்கின்றன. ராணுவத்துக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம். விமானப்படைக்கும் அதே 1950இல் இன்னொரு சட்டம். கடற்படைக்கு 1957இல் வந்த சட்டம். கையெழுத்துப் போட்டவுடன் ஒருவன் அந்த ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். இன்னொரு படைக்குப் போக வேண்டுமென்றால், முதலில் இங்கே முறைப்படி விடுவிக்கப்பட வேண்டும்; பிறகு அங்கே புதிதாகச் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போய் வேறொன்றில் சேர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் மாற்றம் அல்ல. படையை விட்டு ஓடிய குற்றம்.

பதவிகளுக்கு ஒப்புமை இருக்கிறது. ராணுவத்தில் ஹவில்தார், கடற்படையில் பெட்டி ஆபீசர், விமானப்படையில் சார்ஜென்ட், மூவரும் ஒரே படியில் நிற்பவர்கள். நாயக் என்றால் கடற்படையில் லீடிங் சீமேன், விமானப்படையில் கார்ப்பரல். தோளில் இருக்கிற பட்டை ஒத்துப்போகலாம். கையில் இருக்கிற தொழில் ஒத்துப்போவதில்லை. பத்து வருடம் பீரங்கி இயக்கியவருக்குக் கப்பலின் என்ஜின் அறையில் என்ன வேலை கொடுப்பது? சட்டம் போடுகிற தடையை விட இந்தக் கேள்வி போடுகிற தடை பெரியது என்பது என் கணிப்பு.

ஆனாலும் மூன்று படைகளிலும் இருந்த ஒரு மனிதர் நம் நாட்டில் உண்டு. கர்னல் பிருத்திபால் சிங் கில். 1920 டிசம்பர் 11 அன்று பிறந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில், கராச்சியில், விமானப்படையில் விமானியாகச் சேர்ந்தார். மகன் விமானத்தோடு விழுந்து செத்துவிடுவானோ என்று வீட்டில் பயந்தார்கள். அந்தக் காலத்து விமானங்களை நினைத்தால் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. வீட்டார் வற்புறுத்த, அங்கிருந்து கடற்படைக்கு மாறினார். இரண்டாம் உலகப்போரில் கடல் கண்ணிகளை அகற்றும் கப்பல் ஒன்றில் பணியாற்றினார். விமானம் ஆபத்து என்று இறக்கிவிட்டு, கண்ணிவெடி மிதக்கிற கடலுக்கு அனுப்பிவைத்த அந்தக் குடும்பத்தின் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை!

கதை அதோடு நிற்கவில்லை. போர் முடிந்த பிறகு தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில் பயிற்சி எடுத்தார், ராணுவத்துக்கே வந்துவிட்டார். குவாலியர் மலைப் பீரங்கி அணியில் தொடங்கி, 1965 பாகிஸ்தான் போரில் ஒரு பீரங்கி ரெஜிமென்டுக்குத் தலைமை தாங்கினார். பிறகு மணிப்பூரில் அஸ்ஸாம் ரைபிள்ஸ் படையிலும் இருந்தார். 2021 டிசம்பர் 5 அன்று, நூற்றொன்றாவது பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருக்கையில், சண்டிகரில் காலமானார். மூன்று படைகளிலும் பணியாற்றிய ஒரே அதிகாரி என்று இவரைத்தான் சொல்கிறார்கள். உலகப்போரும் அதை ஒட்டிய வருடங்களுமான காலம் அது; கதவுகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. இன்றைக்குப் பொழியூரிலிருந்து போகிற ஒரு சிப்பாய்க்கு இவருடைய வழி வழியாகாது.

அப்படியானால் இன்றைக்கு ஒரு வழியும் இல்லையா? ஒரு நல்ல வழி இருக்கிறது. நம் பக்கத்தில் அது பலருக்குத் தெரிவதில்லை.

டேராடூனில் இந்திய ராணுவ அகாடமிக்குள்ளேயே ராணுவ கேடட் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. ஏ.சி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். பணியில் இருக்கிற சிப்பாயை அதிகாரி ஆக்குவது அதன் வேலை. இதில் கவனிக்க வேண்டியது, ராணுவச் சிப்பாய்க்கு மட்டுமல்ல, கடற்படையில் இருக்கிற மாலுமிக்கும் விமானப்படை வீரருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். இரண்டு வருடமாவது பணி செய்திருக்க வேண்டும். வயது இருபதுக்கும் இருபத்தேழுக்கும் இடையில். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் எஸ்.எஸ்.பி. என்கிற நேர்காணல், பல நாள் நடக்கும். அதிலும் தேறினால் மூன்று வருடப் பட்டப்படிப்பு, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம். பிறகு ஒரு வருடம் அகாடமியிலேயே பயிற்சி. வெளியே வரும்போது, நேற்றுவரை கப்பலில் இருந்தவர் ராணுவ லெப்டினன்ட்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தன் படையிலிருந்து தடையில்லாச் சான்று, என்.ஓ.சி., வாங்க வேண்டும். விண்ணப்பம் மேலதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். அவர் மேசையிலேயே அது கிடந்துவிட்டால், அந்த வருடத் தேர்வு போய்விடும். வயது வரம்பும் ஒரு வருடம் நெருங்கிவிடும். இந்த வழி இன்னும் அகலமாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தகுதியுள்ளவனின் விண்ணப்பத்தை இத்தனை நாளுக்குள் மேலே அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒரு கெடு இருந்தால் யாருக்கு நஷ்டம்?

சரி, படையை விட்டுப் படை மாறுவது அபூர்வம். ஒரே ராணுவத்துக்குள் ரெஜிமென்ட் மாறுவது? அது அடிக்கடி நடக்கிறது, நம் கண்ணெதிரிலேயே. "அமரன்" படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட் அதிகாரி. ஆனால் 2014 ஏப்ரலில் காஷ்மீரில் அவர் வீரமரணம் அடைந்தபோது இருந்தது 44ஆம் ராஷ்ட்ரிய ரைபிள்ஸில். ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் 1990இல் தொடங்கப்பட்டது. மற்ற ரெஜிமென்ட்களிலிருந்து சில காலத்துக்கு அனுப்பப்படுகிறவர்களைக் கொண்டே அது நடக்கிறது. காலம் முடிந்ததும் அவரவர் தாய் யூனிட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அது இரவல், நிரந்தர மாற்றம் இல்லை.

நிரந்தரமாக மாற விரும்புகிறவர்கள் அதிகம் குறிவைப்பது பாராசூட்டில் குதிக்கிற பாரா படையை. வேறு ரெஜிமென்டில் இருக்கிற சிப்பாயும் அதிகாரியும் தாங்களாகவே முன்வந்து பெயர் கொடுக்கலாம். மாதக்கணக்கில் சோதனைக்காலம், பாதியிலேயே கழன்றுகொள்கிறவர்கள்தான் அதிகம். கழன்றவர் பழைய யூனிட்டுக்குத் திரும்புவார். நின்று முடித்தவருக்கு மெரூன் நிறத் தொப்பி. இதைத் தவிர, காயமோ நோயோ வந்து மருத்துவத் தரம் இறங்கும்போது வேறு தொழிலுக்கு மாற்றுவதும் உண்டு. விமானப்படையில் இப்படித் தொழில் மாறுவதை ரீமஸ்டர் என்பார்கள். எந்த மாற்றமானாலும், சொந்த விருப்பத்தில் கேட்டு வாங்கினால் புதிய இடத்தில் சீனியாரிட்டி அடிபடுமா என்பதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். நாயக்காகப் போனவர், தன்னைவிடப் பின்னால் சேர்ந்தவருக்குக் கீழே நிற்க நேர்ந்தால் அந்த வருத்தம் ஓய்வு பெறும்வரை தீராது.

தனி ஆள் கேட்காமலே மொத்தப் பட்டாளமும் மாறிய கதைகள் நம் மண்ணில் இருக்கின்றன. திருவிதாங்கூர் மகாராஜாவுக்குச் சொந்தப் படை இருந்தது. நாயர் பிரிகேட் என்று பெயர் பெற்ற படை. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அடுத்த சில வருடங்களில் அந்தப் படையின் பட்டாளங்கள் இந்திய ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, மெட்ராஸ் ரெஜிமென்டின் ஒன்பதாவது, பதினாறாவது பட்டாளங்கள் ஆயின. மகாராஜாவின் உப்பைத் தின்று சேர்ந்தவர்கள் குடியரசின் சிப்பாய்களாக ஓய்வு பெற்றார்கள். இதற்கிடையில் 1956 நவம்பர் 1 வந்தது. விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை மெட்ராஸ் மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. லீவில் வந்த ஒரு விளவங்கோட்டுச் சிப்பாய்க்குப் படையும் மாறியிருந்தது, மாநிலமும் மாறியிருந்தது, இரண்டுக்கும் அவன் விண்ணப்பம் போட்டிருக்கவில்லை.

இந்த ஒன்பதாம் மெட்ராஸ் தன் பரம்பரையைக் குளச்சல் போர்வரை கொண்டுபோகிறது. அந்த 1741ஆம் வருடப் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய், பிறகு அதே மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், ஆனவர். 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எதிரிப் படையிலிருந்து வந்தவரை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன ராஜா, என்.ஓ.சி. கேட்கவில்லை.

இன்னொரு மாற்றம், ஒரு தமிழர் பெயரோடு சேர்ந்தது. செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி. மகார் ரெஜிமென்டின் காலாட்படை அதிகாரி. அப்படி இருந்தும் டாங்குகள் நிறைந்த முதலாம் கவசப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். டாங்குப் படைக்காரர்களுக்கே உரியதென்று எண்ணப்பட்ட நாற்காலி அது. காலாட்படை நடந்தே போகக் கூடாது, கவச வண்டியில் டாங்குக்குச் சமமாக ஓட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1979இல் பல ரெஜிமென்ட்களிலிருந்து பழைய பட்டாளங்களை எடுத்து இயந்திரக் காலாட்படை ரெஜிமென்ட் உருவாக்கினார்கள். அதன் முதல் பட்டாளமாகப் போனது எது தெரியுமா? 1776இல் தொடங்கிய முதலாம் மெட்ராஸ். இருநூறு வருடப் பழமையுள்ள பட்டாளம் மெட்ராஸ் என்ற பெயரையும் ரெஜிமென்டையும் விட்டுக் கொடுத்தது. சுந்தர்ஜி தலைமைத் தளபதியாக இருந்த 1986இல், நவம்பர் 1 அன்று, பீரங்கிப்படைக்குள் இருந்த விமானப் பிரிவு தனியே பிரிந்து ராணுவ விமானப் படைப்பிரிவு ஆனது. பீரங்கி அதிகாரியாகச் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றவர்கள் ஒரே நாளில் வேறொரு பிரிவின் ஆட்கள் ஆனார்கள்.

உலகத்திலும் பெரிய மாற்றங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன, புதிதாக ஒரு படை பிறக்கும்போது. 1918 ஏப்ரல் 1 அன்று பிரிட்டன், ராணுவத்தின் பறக்கும் பிரிவையும் கடற்படையின் பறக்கும் பிரிவையும் சேர்த்து விமானப்படை ஆக்கியது. நூறு வருடம் கழித்து, 2019 டிசம்பரில் அமெரிக்கா விண்வெளிப் படையைத் தொடங்கியது. விமானப்படையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே போனார்கள், பிறகு ராணுவத்திலிருந்தும் கடற்படையிலிருந்தும் ஆட்கள் எடுக்கப்பட்டார்கள்.

இப்போது நம் பிள்ளைகளிடம் வருவோம். 2022 ஜூன் மாதம் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அக்னிவீரருக்குப் பணி நான்கு வருடம், பயிற்சியையும் சேர்த்து. அதில் அதிகபட்சம் இருபத்தைந்து சதவீதம் பேர் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவார்கள். எந்த ரெஜிமென்டுக்கும் யூனிட்டுக்கும் அனுப்பலாம், படையின் தேவைக்கேற்ப மாற்றலாம் என்பதற்கு அவர்கள் சேரும்போதே சம்மதிக்கிறார்கள். படை தன் தேவைக்கு மாற்றலாம். அவன் தன் ஆசைக்கு மாற்றம் கேட்டு, அது நடந்து, புதுத் தொழில் கற்று முடிப்பதற்கு நான்கு வருடத்தில் இடமே இல்லை. ஆகவே கடற்படை வேண்டுமென்றால் கடற்படை அறிவிப்பு வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பதினேழரை வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால், ஒரு வருடம் பொறுத்தால் வயது போய்விடாது.

நான்கு வருடம் முடித்து, நிரந்தரமாக்கப்படாமல் வெளியே வருகிறவர்களுக்குத்தான் இனிமேல் சீருடை மாற்றம் என்பது நிஜமான விஷயம். கடலோரக் காவல்படையிலும், மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலும், அஸ்ஸாம் ரைபிள்ஸிலும் அவர்களுக்குப் பத்து சதவீத ஒதுக்கீட்டை 2022இல் அறிவித்தார்கள். ஒதுக்கீடு என்றால் வேலை என்று அர்த்தமில்லை. தேர்வு எழுத வேண்டும், உடல் தகுதி காட்ட வேண்டும். கடற்படையின் முதல் அக்னிவீரர் தொகுதி 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்கா பயிற்சி மையத்தில் பயிற்சியை முடித்து வெளியே வந்தது. அதிலோ பின்னால் வந்த தொகுதிகளிலோ உங்கள் வீட்டுப் பிள்ளை இருந்தால், நான்கு வருடம் முடிகிற மாதத்துக்கு ஓராண்டுக்கு முன்பே கேரள பி.எஸ்.சி. அறிவிப்புகளையும் மத்தியப் படைகளின் அறிவிப்புகளையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்குங்கள். பணிக்காலத்தில் கற்ற தொழிலுக்கு வழங்கப்படும் திறன் சான்றிதழை மறக்காமல் கையோடு வாங்கி வரச் சொல்லுங்கள்.

முழுப் பணிக்காலமும் முடித்து ஓய்வூதியத்தோடு வருகிற மூத்தவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பாதுகாப்புக் காவல் படை, டி.எஸ்.சி. ஓய்வு பெற்ற படைவீரர்களை அது மறுபடியும் சேர்த்துக்கொள்கிறது. அதன் மையம் கண்ணூரில், நம் கேரளத்திலேயே. சேர விரும்புகிறவர்கள் ஓய்வு பெறும்போதே தங்கள் ஆவணங்களையும் மருத்துவத் தரத்தையும் சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.