நாட்டு வெள்ளரிப்பழமும் நோய் எதிர்ப்பு மரபும்

திராட்சைக்கும் வாழைக்கும் பெயர்பெற்ற தேனி மாவட்டத்தில் முலாம்பழத்தின் இனமேம்பாடு, மரபியல், பூச்சி நோய் எதிர்ப்பு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு ஒரு கருத்தரங்கு கூடுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பி.கே.எம். 1 தர்ப்பூசணி இரகம் பெரியகுளத்தில் உருவானது என்பதால் கொடிவகைப் பழங்களின் ஆராய்ச்சி இம்மண்ணுக்குப் புதிதன்று. எனினும் இங்கே கூடுவதற்கு அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. பழுத்ததும் தானே வெடித்து மாவாக உதிரும் வெள்ளரிப்பழமும், மானாவாரிச் சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் விதைப்பாரின்றி முளைத்து வற்றலாக அடுக்களைக்கு வந்துசேரும் மிதுக்கங்காயும் முலாம்பழத்தோடு குக்குமிஸ் மெலோ என்ற ஒரே சிற்றினத்தில் வைக்கப்படுபவை. ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் விதை பிடிக்கும். உலக முலாம்பழ வேளாண்மை நோய் எதிர்ப்பு வேண்டிப் பலமுறை நாடியது இத்தகைய இந்திய நாட்டு வகைகளைத்தான்.

இவ்வரலாற்றின் முதல் அத்தியாயம் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது. பாலைநிலத்தில் கால்வாய்ப் பாசனத்தால் செழித்த அப்பகுதியின் முலாம்பழத் தோட்டங்களை 1925ஆம் ஆண்டில் சாம்பல் நோய் கடுமையாகத் தாக்கியது. இலையின் மேல் வெண்பொடி தூவியதுபோல் படர்ந்து, இலையைக் காய வைத்து, பழத்தின் இனிப்பைக் குறைக்கும் இந்நோய் ஒரு பூசணத்தால் வருவது. கந்தகத் தூள் அதை அடக்கும் என்றாலும், கடும் வெயிலில் அதே கந்தகம் முலாம்பழ இலையையும் கருக்கிவிடும். இந்தியாவிலிருந்து பெற்ற விதையில் எதிர்ப்புத் திறன் இருப்பதைக் கண்டறிந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அதைத் தங்கள் இனிப்பு இரகத்தோடு கலந்து 1936இல் பி.எம்.ஆர். 45 என்ற இரகத்தை வெளியிட்டனர். ஆனால் அந்த இரகத்தையும் தாக்கவல்ல புதிய பூசணப் பிரிவு ஒன்று 1938இலேயே அங்கு பதிவாயிற்று. தோற்றத்தில் வேறுபாடில்லாமல், எந்தெந்த இரகத்தைத் தாக்குகிறது என்பதில் மட்டும் வேறுபடும் இத்தகைய பிரிவுகள் இன்று பலவாகப் பெருகியுள்ளன. ஒரே மரபணுவை நம்பி வெளியிடப்படும் எதிர்ப்பு இரகம் எத்துணை விரைவில் தோற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் விதை வணிகத்தில் அந்தப் பிழை இன்றும் தொடர்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை உழவர்களுக்குச் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்ற பெயர்கள் நன்கு பழகியவை. பெயர் ஒன்றாயினும் நோயுயிரி வேறு என்பதை இங்கே குறிப்பிடுவது பொருந்தும்: திராட்சைப் பந்தலில் படரும் பூசணம் முலாம்பழக் கொடிக்குத் தாவுவதில்லை. எனவே திராட்சைத் தோட்டத்தை ஒட்டி முலாம்பழம் பயிரிடத் தயங்க வேண்டியதில்லை; பந்தலுக்குப் பழகிய மருந்துக் கணக்கை அப்படியே கொடிக்கு மாற்றுவதற்குத்தான் தயங்க வேண்டும்.

எதிர்ப்புத் திறன் ஏன் இந்திய வகைகளில் இத்துணைச் செறிவாகக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு மரபணுவியல் அண்மையில் விடை தரத் தொடங்கியுள்ளது. முலாம்பழத்தின் பன்னிரண்டு இணைக் குரோமோசோம்களின் மரபுத்தொகுதி 2012இல் வெளியாயிற்று. 2019இல் 1,175 வகைகளின் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, இப்பயிர் மூன்று முறை தனித்தனியே பண்படுத்தப்பட்டது என்றும், அவற்றுள் இரண்டு இந்தியாவிலும் ஒன்று ஆப்பிரிக்காவிலும் நிகழ்ந்தன என்றும் காட்டியது. ஒரு பயிரும் அதன் பகைகளும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த நிலத்தில் எதிர்ப்பு மரபணுக்கள் பல்கியிருப்பது இயல்பே. தென்னிந்தியாவின் ஈரப்பதம் மிக்க பகுதிகளின் நாட்டு வகைகளைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வும் இதையே உறுதிப்படுத்துகிறது. தக்காளி இலைச்சுருள் புதுதில்லி வைரஸ் என்ற, வெள்ளை ஈயால் பரவும் நோய், 2012இல் ஸ்பெயினில் புகுந்து வெள்ளரிக் குடும்பப் பயிர்களைத் தாக்கியபோதும், அந்நாட்டு ஆய்வாளர்கள் எதிர்ப்பைக் கண்டது இந்திய வகைகளில்தான்.

பூச்சி எதிர்ப்பில் தனித்துக் குறிப்பிடத்தக்கது 'வாட்' எனப்படும் மரபணு. இம்மரபணுவுள்ள செடியில் பருத்தி அசுவினி தன் ஊசிவாயைச் செலுத்தியதும், குத்துபட்ட இடத்துத் திசு விழித்துக்கொண்டு தற்காப்பில் இறங்குவதால் பூச்சி அங்கே பெருக இயலாது. அது சுமந்துவந்த வைரசும் பரவாது நின்றுவிடுகிறது. அதே வைரசைச் சாறாக்கி இலையில் கையால் தேய்த்தாலோ செடி நோயுறுகிறது. செடி எதிர்ப்பது வைரசை அன்று, அதைக் கொண்டுவரும் பூச்சியை என்பது இதனால் விளங்கும். எல்லாப் பூச்சிகளிடமும் இத்தகைய ஒரே வழி பலிப்பதில்லை. கசப்பே காப்பு என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, நாற்றின் விதையிலைகளில் உள்ள குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் சிவப்புப் பூசணி வண்டை ஈர்க்கிறது. பழ ஈயைப் பொறுத்தவரை, தோலுக்கடியில் முட்டையிட வரும் பெண் ஈயைத் தடுப்பதில் காயின் தோல் கடினத்துக்கும் தடிப்புக்கும் பங்குண்டு.

வெள்ளரிப்பழத்தின் எதிர்ப்பை முலாம்பழத்துக்கு மாற்றுவது எளிதன்று. இனிப்பின்மை, வெடிக்கும் தோல், ஓரிரு நாளில் குழையும் சதை ஆகியனவும் கூடவே வரும். இதற்கு இனமேம்பாட்டாளர் கையாள்வது பிற்கலப்பு. அதாவது, கலப்பில் பிறந்த எதிர்ப்புச் செடியை மீண்டும் மீண்டும் இனிப்புப் பெற்றோருடனேயே கலப்பது. ஆறாம் பிற்கலப்பில் இனிப்புப் பெற்றோரின் மரபு சராசரியாக 99 விழுக்காட்டைத் தாண்டும். எனினும் எதிர்ப்பு மரபணுவை ஒட்டியே கிடக்கும் வேண்டாத பண்பு எளிதில் பிரிவதில்லை. மூலக்கூறு அடையாளங்களைக் கொண்டு நாற்றுப் பருவத்திலேயே தேர்ந்தெடுத்தால் தலைமுறைகள் குறையும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்க்கா மாணிக் தர்ப்பூசணி, சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், ஆந்த்ரக்னோஸ் ஆகிய மூன்றையும் ஒரே இரகத்தில் எதிர்கொள்கிறது என்பதால், கூட்டு எதிர்ப்பு கைகூடாத கனவு என்று சொல்வதற்கில்லை.

மரபுவளச் சேகரங்களில் இவ்விதைகள் பெரும்பாலும் எண்களாகவே வாழ்கின்றன. பி.ஐ. 414723 என்ற புகழ்பெற்ற எதிர்ப்பு வகை இந்திய வெள்ளரிப்பழம் என்பதை ஆய்வேடுகள் சொல்லும். அதன் விதையை ஆண்டுதோறும் எடுத்துவைத்த உழவர் யார் என்பதைச் சொல்வதில்லை. உழவர் இரகங்களைப் பதிவு செய்ய 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் இடந்தருகிறது. ஆகவே இப்பள்ளத்தாக்கின் வெள்ளரிப்பழ விதையும் மிதுக்கு விதையும் சேகரிக்கப்படும்போது ஊர், நிலம், விதை காத்தவர், சமையற் பயன் ஆகியவையும் உடன் பதிவாக வேண்டும். மலைக்கு அப்பால் திருச்சூரிலுள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் மண்டல நிலையத்தோடு இணைந்து செய்யத்தக்க பணி இது.

ஆயினும் சேகரிப்புக்கு முன்னரே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்தப் பிரிவுப் பூசணம் எந்த இரகத்தைத் தாக்கும் என்று ஏற்கெனவே அறியப்பட்ட முலாம்பழ வகைகளின் தொகுதியை, கம்பம், சின்னமனூர், பெரியகுளம் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே பருவத்தில் நட்டு, இங்கு நிலவும் பூசணப் பிரிவுகளை முதலில் அடையாளம் காண வேண்டும். அந்த விவரமின்றி நடத்தப்படும் எந்தச் சோதனையும் இப்பள்ளத்தாக்குக்கு உரிய எதிர்ப்பைக் காட்டாது. இக்கருத்தரங்கின் முதல் அமர்வு அதற்கான திட்டத்தை விவாதிக்கும்.