திரையில் தப்பியவள்



நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு திகில் படமா என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். கணவனின் அடிக்குத் தப்பி ஓடும் பெண்ணுக்கு வாழ்க்கையே திகில் படம்தான். அதனால் இந்தப் பொருள்.

‘ஸ்லீப்பிங் வித் தி எனிமி’ 1991இல் வந்தது. நான்சி பிரைஸின் நாவலைத் தழுவி ஜோசப் ரூபன் இயக்கினார். லாராவாக ஜூலியா ராபர்ட்ஸ், கணவன் மார்ட்டினாக பேட்ரிக் பெர்கின். கேப் காட் கடலோரத்தில் பெரிய வீடு. மார்ட்டின் அடிக்கும் காட்சி படத்தில் குறைவு. குளியலறைத் துண்டுகள் ஒரே மட்டத்தில் தொங்க வேண்டும், அலமாரி டப்பாக்கள் வரிசை குலையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்பது. ஒரு துண்டு கோணலாகத் தொங்கினால் அவள் முகம் வெளிறுகிறது. பத்து அறைகளைவிட அந்தத் துண்டு அதிகம் சொல்கிறது.

லாராவுக்குத் தண்ணீரென்றால் பயம் என்பதை மார்ட்டின் நன்கு அறிவான். அந்தப் பயத்தையே அவள் மறைவிடமாக்குகிறாள். அவனுக்குத் தெரியாமல் நீச்சல் கற்கிறாள். புயலடித்த ஓர் இரவில் பாய்மரப் படகிலிருந்து குதித்து, இறந்துபோனதாக நம்பவைக்கிறாள். பிறகு அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூர், புதுப்பெயர், பக்கத்து வீட்டு நாடக ஆசிரியர், காதல். இந்தப் பகுதியில் படம் தொய்கிறது. ஜூலியா ராபர்ட்ஸின் சிரிப்பைக் காட்டவே எடுத்தார்கள் போலும்.

அவளைக் காட்டிக்கொடுப்பவை சின்ன விஷயங்கள். நீச்சல் வகுப்புத் தோழி மார்ட்டினிடம் தொலைபேசியில் துக்கம் விசாரிக்கிறாள். கழிப்பறையில் போட்ட கல்யாண மோதிரம் தண்ணீரோடு போகாமல் கிடக்கிறது. அவன் தேடி வந்துவிடுகிறான். விட்டுப் பிரியும் காலமே பெண்ணின் உயிருக்கு மிக ஆபத்தானது என்று இத்துறையில் பணியாற்றுவோர் சொல்வதைப் படம் சரியாகவே பிடித்திருக்கிறது. முடிவில் லாரா காவல்துறையை அழைத்து, வீட்டில் புகுந்தவனைக் கொன்றுவிட்டதாகச் சொல்கிறாள். அதன் பிறகுதான் சுடுகிறாள். போலீஸ் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. குடும்ப வன்முறைக்கு எதிரான அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1994இல்தான் வந்தது.

இந்தக் கதை இந்தியில் ‘அக்னி சாட்சி’ உள்ளிட்ட படங்களாகவும் தெலுங்கில் ‘பெள்ளி’யாகவும் வந்தது. ‘பெள்ளி’யைத் தழுவி 1998இல் தமிழில் ‘அவள் வருவாளா’ வெளியானது. சிம்ரனும் அஜித்தும் நடித்தது பலருக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பவர் மாமியாராக நடித்த சுஜாதா. லாரா தனியாக ஓடினாள். இங்கே மாமியாரே மருமகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு, அவளுக்குத் தாயாக வாழ்கிறார். கடைசியில் பெற்ற மகனுக்கு நஞ்சும் வைக்கிறார். மூலத்தில் இல்லாத துணிச்சல் இது. ஆனாலும் துப்பாக்கிக்குப் பதில் நஞ்சு, அவ்வளவே மாற்றம்.

2005இல் நம் நாட்டில் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு வழி சொல்கிறது. அவள் ஓட வேண்டியதில்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு, அவனை வெளியேறச் சொல்லி நீதிமன்றம் ஆணையிடலாம். ஆணை வந்த அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும்? திரைக்கதை எழுத விரும்பும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.