எல்லைக்கோட்டில் ஒரு குன்று



டில்லியில் வாழும் தமிழர், தாம் குடியிருக்கும் மண்ணின் சரித்திரத்தையும் சொந்த ஊர்ச் சரித்திரத்தைப் போலவே உரிமையோடு அறிந்திருத்தல் வேண்டும் என்னும் அவாவினால், நம் நகரத்தின் தென்கோடியிலுள்ள ஒரு பாறைமேட்டை இன்று பேசுபொருளாகக் கொண்டேன்.

குஜராத்தில் தொடங்கி, ராஜஸ்தானத்தை ஊடறுத்து, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வடகிழக்காக ஓடிவரும் ஆரவல்லித் தொடர், ஆபுவில் குரு சிகரத்தில் 1,722 மீட்டர் உயர்ந்து நின்ற கம்பீரத்தை வழிநெடுகக் கரைத்துக்கொண்டு, வஸீராபாத் அருகே யமுனைக் கரையில் அடங்குவதற்கு முன்பு, டில்லிக்கும் ஹரியானாவுக்கும் இடையே ஒருமுறை தலைதூக்குகிறது. அம்மேட்டின் வடபால் துக்ளகாபாத் கோட்டையும், அதற்குத் தென்கிழக்கே மூன்று கிலோமீட்டர் அளவில் சூரஜ்குண்டமும், அதற்கு அணித்தாக அனங்கபூர் அணையும், தென்மேற்கே அசோலா, பட்டி என்னும் காடுகளும் உள்ளன. உயரத்தால் இதனை மலை என்பதற்கில்லை. ஆற்றுச் சமவெளிக்கு மேல் நூறு மீட்டர் அளவே எழுந்த குன்று இது. ஆனால் வயதோ நூறு கோடி ஆண்டுகளைக் கடந்தது. இமயம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இப்பாறை இறுகிவிட்டது. உளிக்கும் எளிதில் இணங்காத அதன் கடினத்தினூடே எண்ணற்ற வெடிப்புகள் ஓடுகின்றன. ஆவணி மழை அவற்றின் வழியே இறங்கி, அடிவாரத்துக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது.

இந்த ஜலரகசியத்தை முதலில் அறிந்து பயன்கொண்ட அரசர் தோமரர். அனங்கபாலன் பெயரால் வழங்கும் ஊரில், இரண்டு பாறைகளுக்கிடையே ஏறத்தாழ 50 மீட்டர் அகலமும் 7 மீட்டர் உயரமுமாகக் கல்லால் கட்டிய அணை இன்றும் நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சூரஜ்பாலன் அமைத்தான் என்று ஐதிகம் கூறும் சூரஜ்குண்டம், உதய சூரியனைப் போல் அரைவட்டமாகப் படிகள் இறங்கும் தடாகம். நான்கு நூற்றாண்டு கழித்து பிரோஸ் ஷா துக்ளக் அதனைச் செப்பனிட்டார் என்பதே, அதன் உபயோகம் அரச வமிசங்கள் மாறியும் மாறவில்லை என்பதற்குச் சான்று.

1320இல் அரியணையேறிய கியாசுதீன் துக்ளக், குன்றின் கல்லைக் கொண்டே குன்றின்மேல் தம் கோட்டையை எழுப்பினார். அதன் தென்புறத்துத் தாழ்நிலத்தைக் கரைகட்டி ஏரியாக்கி, அந்நீர்ப்பரப்பின் நடுவே செந்நிறக் கல்லும் வெண்பளிங்கும் கொண்டு தம் சமாதியையும் அமைத்துக்கொண்டார். நம்மவர்க்கு இக்கோட்டை வெறும் வடநாட்டுச் சின்னமன்று. இதன் மதில்கள் புதுமை மாறாதிருந்த 1323ஆம் ஆண்டில்தான், அவர் மகன் உலூக் கானின் படை தெற்கே இறங்கிற்று. பிள்ளை லோகாசாரியர் முதலிய அடியார்கள் அரங்கன் உற்சவ மூர்த்தியை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு திருவரங்கத்தை விட்டு நீங்கினர். 1371இல் விஜயநகரத் தளபதி கோபணாரியரின் முயற்சியால் பெருமாள் மீண்டும் கோயில் புகுந்தபோது, துக்ளகாபாத் தலைநகர் என்னும் நிலையை இழந்து நெடுங்காலமாயிருந்தது. 1325இல் கியாசுதீன் மரமண்டபம் சரிந்து மாண்டதும், முகம்மது பின் துக்ளக் என்னும் பெயரோடு பட்டமேறிய அதே மகன் எதிர்மேட்டில் ஆதிலாபாத்தைக் கட்டினார். அதுவும் நிலைக்கவில்லை. அன்று ஏரியாயிருந்த தாழ்நிலத்தில் இன்று மெஹ்ரோலி–பதர்ப்பூர் சாலை செல்கிறது. கோட்டையிலிருந்து சமாதிக்குச் சென்ற கற்பாலத்தை அதுவே துண்டித்திருக்கிறது.

இவ்வளவு காலமும் குன்று ஒன்றாகவே இருந்தது. 1912இல் டில்லியைப் பஞ்சாபிலிருந்து பிரித்துத் தனி மாகாணமாக்கியபோது, பழைய டில்லி ஜில்லாவைச் சேர்ந்த பல்லப்கட் பக்கம் குர்காவ் ஜில்லாவோடு இணைக்கப்பட்டது. 1966இல் ஹரியானா பிறந்தபின் அப்பிரிவினைக் கோடே டில்லிக்கும் ஹரியானாவுக்கும் எல்லையாயிற்று. கோட்டை ஒருபுறமும் குண்டம் மறுபுறமுமாயின. அதன்பின் ஏற்பட்ட அழிவு படையெடுப்புகளால் ஏற்பட்டதன்று. கொத்தனார்கள் பதர்ப்பூர் என்றே வழங்கும் செம்மணலுக்காகப் பட்டியில் பாதாளம்வரை தோண்டினர். வீடுகளுக்கும் சாலைகளுக்குமாகப் பாறையை வெடிவைத்துப் பெயர்த்தனர். 1986இல் அசோலாவும் 1991இல் பட்டியும் டில்லியின் பக்கத்தில் சரணாலயமாயின. எல்லைக்கு அப்பாலோ வெடியோசை ஓயவில்லை. சூரஜ்குண்டத்துக்கு நீர்வரத்து அற்றது. பட்கல் ஏரியும் வறண்டது. பிறகு 1996இல் உச்ச நீதிமன்றம் அவ்விரு நீர்நிலைகளையும் சுற்றி 2 கிலோமீட்டர் வரையில் சுரங்கவேலையைத் தடுத்தது. 2002இல், எல்லையிலிருந்து ஹரியானாப் பக்கமாக 5 கிலோமீட்டருக்குள் சுரங்கம் தோண்டுவதையும் நிலத்தடி நீர் இறைப்பதையும் நிறுத்தச் சொல்லிற்று.

அவ்வாணைகளை நான் நன்றியோடு போற்றுகிறேன். ஆயினும் தூரத்தை எல்லைக்கோட்டிலிருந்து அளப்பதைவிட நீர் பிரியும் மேட்டிலிருந்து அளப்பதே இயற்கைக்கு இயைந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். தோமரர் காலத்து வாய்க்கால் தடங்களும் துக்ளக் காலத்து ஏரிக்கரைகளும் எங்கெங்கு எஞ்சியுள்ளன என்பதை இரண்டு அரசாங்கங்களும் கூடி, எல்லைக்கோடு இல்லாத ஒரே படத்தில் வரைந்து வெளியிடுதல் வேண்டும். அவற்றின்மேல் புதுக் கட்டடங்கள் எழும்புமுன்பே அதனைச் செய்தல் வேண்டும்.